சில்வியா எஸ்15-இல் ஜிடி2871ஆர் டர்போ பொருத்திய அனுபவம்

நிசான் சில்வியா எஸ்15-உடன் தொழிற்சாலையிலிருந்து வந்த டர்போ (இன்ஜினின் புகையால் சுழன்று உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) நல்ல டர்போ. அதில் புகை சுழற்றும் பக்கம் டர்பைன், காற்றை அழுத்தும் பக்கம் கம்ப்ரஸர். பால் பேரிங் வைத்த டி28. அதைக் கொண்டுதான் நிசான் 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி இன்ஜினிலிருந்து 250 பிஎஸ் எடுத்தது. ரோட்டில் ஓட்ட அது தாராளமாகப் போதும். ஆனால் இந்தக் கார்கள் 1999-க்கும் 2002-க்கும் இடையில் ஜப்பானில் செய்தவை. மலேசியாவுக்கு ரீகண்டிஷனாக வந்து, இங்கே இத்தனை வருட வெயிலையும் பார்த்துவிட்டன. என் காரில் இன்லெட் பைப்பைக் கழற்றி சாஃப்ட்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. கம்ப்ரஸர் பிளேடுகளின் நுனி ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உரசிய பளபளப்பான கீறலும் இருந்தது. செப்பாங் ரேஸ் டிராக்கில் இரண்டு மூன்று சுற்று வேகமாகப் போனால் உள்ளே போகும் காற்று சூடேறி, நாக் (பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் சத்தம்) கேட்டு, ஈசியு, அதாவது இன்ஜினின் கணினி, பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். கார் சோர்ந்துபோகும்.

எப்படியும் மாற்ற வேண்டும் என்றான பிறகு அதே டர்போவைத் தேடுவதா, பெரிதாகப் போவதா என்பதுதான் கேள்வி. ஹாஃப் கட் கடைகளில் (பாதியாக வெட்டி இறக்குமதியான கார்களின் பாகங்களை விற்கும் கடைகள்) பழைய டி28 கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் சாஃப்ட்டும் என்னுடையதைப் போலவே இருபது வருடம் சுற்றியதுதான். பட்டறைப் பக்கம் கேட்டால் பலரும் கேரட் நிறுவனத்தின் பெரிய டர்போவான ஜிடி3071ஆர் போடச் சொன்னார்கள். "பெரிசா போட்டுடு, அப்புறம் ஆசைப்பட்டு மறுபடி மாத்த வேண்டாம்" என்பது அவர்கள் வாதம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. டர்போ பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்ச குதிரைத்திறனைப் பார்த்து வாங்கினால், அந்த எண்ணை ஒரு நாளும் தொடாமல் அதன் மந்தத்தை மட்டும் தினமும் சுமக்க வேண்டியிருக்கும். நம் இன்ஜின் எந்த சுழற்சியில், எவ்வளவு காற்று கேட்கும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். அதன்பின் கம்ப்ரஸர் மேப்பில் (எவ்வளவு காற்றை, எத்தனை மடங்கு அழுத்தத்தில், எந்த எஃபிஷியன்சியில் தரும் என்று காட்டும் வரைபடம்) அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

என் இலக்கு இன்ஜினில் 300 குதிரைத்திறன். பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் தொழிற்சாலைப் பொருட்கள். அவற்றை நிம்மதியாக விட்டுவைக்கும் அளவு அது. இன்னொரு காரணம் கியர்பாக்ஸ். எஸ்15-இன் ஆறு கியர் பெட்டி அதிக டார்க்கைத் தாங்காது என்பது இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு சுலபம். குதிரைத்திறனை காற்று-பெட்ரோல் விகிதத்தால் பெருக்கி, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் எரியும் பெட்ரோலின் எடையால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வந்துவிடும். விகிதம் 12, பெட்ரோல் செலவு 0.55 பவுண்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 33 பவுண்டு, அதாவது சுமார் 15 கிலோ காற்று. இதை 7000 ஆர்பிஎம்மில் 2 லிட்டர் இன்ஜின் விழுங்க வேண்டும். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்பது) 92 சதவீதம், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்குள்) காற்று 60 டிகிரி என்று எடுத்துக்கொண்டேன். பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் வேண்டிய கூடுதல் அழுத்தம், சுமார் 1.2 பார் வந்தது. இன்டர்கூலரிலும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) குழாய்களிலும் கொஞ்சம் அழுத்தம் போகும், ஏர் ஃபில்டரிலும் போகும். அதையும் சேர்த்தால் கம்ப்ரஸர் தன் வாசலில் இருக்கும் அழுத்தத்தை 2.5 மடங்காக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களை வைத்து மேப்புகளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். 33 பவுண்டு, 2.5 மடங்கு.

கேரட்டின் சின்ன டர்போவான ஜிடி2860ஆர்எஸ்-இல் புள்ளி மேப்பின் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. முடியும், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. 71 மி.மீ. கம்ப்ரஸர் வீலும் 52 டிரிம்மும் (வீலின் வாய்க்கும் முழு அகலத்துக்கும் உள்ள விகித எண்) கொண்ட ஜிடி2871ஆர்-இல் அதே புள்ளி நல்ல எஃபிஷியன்சி வட்டத்துக்குள் வசதியாக உட்காருகிறது. இந்த இரண்டு டர்போவுக்கும் டர்பைன் வீல் ஒன்றே, 53.9 மி.மீ. வித்தியாசம் கம்ப்ரஸர் பக்கம்தான். அதனால் 2871-க்குப் போவதால் பூஸ்ட் ஏறும் நேரம் கொஞ்சம் தள்ளுமே தவிர பெரிதாகக் கெடாது. ஜிடி3071ஆர் அப்படி இல்லை. அதன் டர்பைன் வீல் 60 மி.மீ. அதைச் சுழற்றி எழுப்ப 2 லிட்டர் இன்ஜினின் புகை போதாமல் பாதி ஆர்பிஎம் காத்திருப்பிலேயே போய்விடும்.

வெயில் எப்படி இந்தக் கணக்கில் நுழைகிறது என்று சொல்லியே ஆக வேண்டும். குளிர்நாட்டில் எழுதும் பலர் இதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். செப்பாங்கில் பிற்பகல் காற்று 35 டிகிரி என்று வையுங்கள். அதை 2.5 மடங்கு அழுத்தினால், கம்ப்ரஸர் 75 சதவீத எஃபிஷியன்சியில் வேலை செய்யும்போது வெளியே வரும் காற்று ஏறக்குறைய 157 டிகிரி. அதே வேலையை 65 சதவீதத்தில் செய்தால் 175 டிகிரி. இந்த 18 டிகிரியையும் இன்டர்கூலர்தான் விழுங்க வேண்டும். ஒரு தடவை கேஸ் கொடுத்துவிட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவருக்கு இது பொருட்டே இல்லை. 5.5 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்ப்பாதை, ஆறாயிரத்துக்கு மேலேயே நிற்கும் இன்ஜின் என்றால் அதுதான் எல்லாமே. நான் வெறும் ரோட்டுக்கு மட்டும் காரை வைத்திருந்தால் 2860ஆர்எஸ்தான் வாங்கியிருப்பேன். அது எழும் வேகம் அருமை.

டர்பைன் ஹவுசிங்கின் அளவு எண் 0.64. அடுத்தது 0.86, அது மேல் ஆர்பிஎம்மில் இன்னும் தாராளமாகப் புகையை விடும். ஆனால் 300 குதிரைத்திறனுக்கு அது தேவைப்படவில்லை.

கூடவே வேண்டியவை: பெட்ரோலைப் பீய்ச்சும் தொழிற்சாலை இன்ஜெக்டர் நிமிடத்துக்கு சுமார் 480 சிசி. 300 குதிரைத்திறனுக்கு, இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்காமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொன்றும் 510 சிசி தர வேண்டும். கொஞ்சம்தான் இடிக்கிறது, ஆனால் இடிக்கிறது. 740 சிசி போட்டேன். வால்ப்ரோ 255 பெட்ரோல் பம்ப், ஒரு படி குளிர்ந்த என்ஜிகே பிளக் 0.8 மி.மீ. இடைவெளியில், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருடன் பிளக்-இன் ஈசியு, கனமான கிளட்ச், பெரிய இன்டர்கூலர். டர்போவை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். போலி கேரட் டர்போக்கள் ஆன்லைனில் நிறைய. காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

வேலை கிள்ளானில் ஒரு சிறிய பட்டறையில் நடந்தது. அங்கிருக்கும் போர்மேன் அண்ணன் எஸ்ஆர் இன்ஜினிலேயே ஊறியவர். பெட்டியைப் பிரிக்கும் முன்பே, "தம்பி, டர்போவுக்குக் கொடுத்த காசை மறந்துடு. வாஷர், கேஸ்கெட், ஸ்டட், ஹோஸ் எல்லாம் புதுசா வாங்கிட்டு வா. பழசை மறுபடி போட்டா நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்த செம்பு வாஷர்களின் மொத்த விலை ஒரு வேளை நாசி கண்டார் செலவுகூட வராது. ஆனால் அதில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நின்றிருக்கும்.

கழற்றுவதில் பெரும்பகுதி பொறுமைதான். எஸ்15-இல் டர்போ வலது பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம். ஸ்டீயரிங் சாஃப்ட்டும் பிரேக் மாஸ்டரும் பக்கத்திலேயே இருப்பதால் ஸ்பேனர் திரும்ப இடம் குறைவு. முந்தைய நாள் இரவே எல்லா எக்ஸாஸ்ட் நட்டுகளிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டோம். கூலன்ட், எண்ணெய் வடித்து, இன்டர்கூலர் பைப்புகள், வெப்பத் தகடுகள், டர்போவுக்குப் பின்னால் வரும் எல்போ, தண்ணீர்க் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள் என்று வரிசையாகக் கழற்றினோம். ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த இடத்தின் பெயர் எழுதிய பையில் போட்டது பிறகு ரொம்ப உதவியது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (இன்ஜினின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொடுக்கும் குழாய்) டர்போவையும் இணைக்கும் ஸ்டட்களில் (தலையில்லாத மரை ஆணிகள்) ஒன்று முறிந்தது. இருபது வருடம் சிவக்கச் சிவக்கக் காய்ந்து ஆறிய இரும்பு, ஆச்சரியம் இல்லை. இதை எடுத்த விதத்தைச் சொல்கிறேன். அண்ணன் மேனிஃபோல்டைக் கழற்றி வைஸில் பிடித்து, துளைக்கு வெளியே லேசாக நீட்டிக்கொண்டிருந்த முனையின் மேல் ஒரு வாஷரை வைத்தார். அதன் துளை வழியே ஸ்டட்டையும் வாஷரையும் வெல்டிங்கால் ஒன்றாக்கினார். வாஷரின் மேல் ஒரு நட்டை வைத்து அதையும் வெல்ட் செய்தார். ஆரஞ்சு நிறம் மங்கி இரும்பு கறுக்கும் வரை கையே வைக்கவில்லை. பிறகு நட்டில் ஸ்பேனர் மாட்டி, அவிழ்க்கும் பக்கம் இல்லாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். கிறீச் என்று ஒரு சத்தம். அப்புறம் அவிழ்க்கும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி அரைச் சுற்று. அப்படியே ஆட்டி ஆட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது, மரை ஒன்றும் கெடவில்லை. வெல்டிங்கின் சூடு ஸ்டட்டை விரிய வைக்கும். ஆறும்போது அது சுருங்கி துருவின் பிடியை உடைக்கும். ட்ரில் போட்டுத் துளைத்திருந்தால் மரை தப்பித்திருக்குமா தெரியாது.

தொழிற்சாலை மேனிஃபோல்டை மாற்றவில்லை. வார்ப்பிரும்பு; அசிங்கமாக இருக்கும், நிலைத்து நிற்கும். இந்த அளவு சக்திக்கு விலை உயர்ந்த பைப் மேனிஃபோல்டு கொடுக்கும் லாபம் கொஞ்சம், விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். கம்பி பிரஷ்ஷால் துடைத்து, குழாய்கள் சேரும் இடுக்கில் விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். இரும்பு ஸ்கேலை முகப்பில் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். சமமாக இருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் உலோக கேஸ்கெட் மட்டும். சிலிகான் பசை எங்கும் கிடையாது.

புது டர்போவை மேனிஃபோல்டில் உட்கார வைப்பதற்கு முன் அதன் மூன்று பாகங்களின் திசையைச் சரிசெய்ய வேண்டும். நடுவில் இருக்கும் பேரிங் ஹவுசிங்கின் எண்ணெய் நுழைவாய் நேர் மேலேயும் வடிகால் நேர் கீழேயும் இருக்க வேண்டும். அதற்குத் தகுந்தாற்போல் இரு பக்க ஹவுசிங்கின் போல்ட்களையும் தளர்த்திச் சுழற்றிக்கொள்ளலாம். தளர்ந்த ஹவுசிங் சாய்ந்து வீலின் பிளேடைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டு ஒரு பிளேடு வளைந்தால் பேலன்ஸ் போச்சு, டர்போவும் போச்சு.

இனி எண்ணெய். நான் இதைப் பற்றி நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. புது டர்போ சீக்கிரம் செத்தது என்று கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றின் வேர் எண்ணெய் வரும் வழியிலோ போகும் வழியிலோதான் இருக்கிறது.

வரும் வழி: பழைய உலோகக் குழாயின் உள்ளே கரிந்த எண்ணெய் கரியாகப் படிந்து துளையைச் சுருக்கியிருக்கும். அதைக் கழுவி நம்புவதைவிட புதுசாக எஃகு வலை போர்த்திய ஹோஸ் போடுவது மேல். பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் கொஞ்சமாகத்தான் வேண்டும். டர்போ வாசலில் அழுத்தம் சுமார் 3 பாரைத் தாண்டும் இன்ஜின் என்றால், 1 மி.மீ. அளவு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். சில டர்போக்களில் அது உள்ளேயே இருக்கும். இரண்டு தடவை சுருக்கினால் பேரிங் பட்டினி கிடக்கும். அதனால் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போகும் வழி இதைவிட முக்கியம். எண்ணெய் டர்போவுக்குள் அழுத்தத்தில் நுழைகிறது. வெளியே போவது வெறும் புவியீர்ப்பால். பேரிங்கைத் தாண்டியதும் அது காற்றோடு கலந்து நுரையாகி விழுகிறது. வடிகால் ஹோஸ் ஒல்லியாக இருந்தாலோ, நடுவில் தொங்கி வயிறு போட்டாலோ நுரை தேங்கும். டர்போவுக்குள் இருப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம். தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுத்து நிறுத்த அதனால் ஆகாது. எண்ணெய் டர்பைன் பக்கம் கசிந்து நீலப் புகையாக வரும். உடனே "டர்போ சீல் போச்சு" என்பார்கள். டர்போ நன்றாகவே இருக்கும். இன்ஜினின் மூச்சுக் குழாய் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினாலும் இதே புகை வரும். அதனால் கேட்ச் கேனையும் (மூச்சுக் குழாயில் வரும் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் டப்பா) அதன் ஹோஸையும் சேர்த்தே புதுப்பித்தேன். வடிகால் தகட்டிலும் சிலிகான் தடவக் கூடாது. பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும், வழியை அடைக்க. காகித கேஸ்கெட்தான் போட்டோம். ஹோஸ் ஒரே சரிவில் இறங்குமாறு, டர்போ மாட்டிய நிலையிலேயே அளந்து வெட்டினோம்.

இந்த டர்போவுக்குத் தண்ணீரும் கட்டாயம். இன்ஜினை அணைத்த பிறகு எண்ணெய் நின்றுவிடும், டர்பைனின் சூடு மட்டும் பேரிங்கை நோக்கி ஊர்ந்து வரும். அப்போது பம்ப் ஓடாவிட்டாலும் சூடான தண்ணீர் தானாக மேலே எழுந்து குளிர்ந்தது கீழிருந்து வந்து ஓட்டம் நடக்கும். அதற்கு இரண்டு குழாய்களில் ஒன்று தொடர்ந்து மேல்நோக்கிப் போக வேண்டும்.

அதிகப் புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் மூடி வேஸ்ட்கேட். அதை அசைக்கும் ஆக்சுவேட்டரை மாட்டும்போது கைப் பம்பும் கேஜும் வைத்துச் சரிபார்த்தோம். 0.7 பாரில் அதன் தடி நகரத் தொடங்க வேண்டும். தடியின் நீளத்தைக் குறைத்தால் வேஸ்ட்கேட் மூடி இன்னும் இறுக்கமாக நிற்கும், பூஸ்ட் கூடும். 1.2 பாருக்கு மீதியை ஈசியு இயக்கும் சோலினாய்டு வால்வு பார்த்துக்கொள்ளும். அடிப்படையையே ஸ்பிரிங்கில் ஏற்றி வைத்தால் டியூனருக்குக் கீழே இறங்க வழியிருக்காது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் எண்ணெய் வாய்க்குள் புது எண்ணெயை ஊற்றி, கம்ப்ரஸர் நட்டை விரலால் சுழற்றினேன். முதலில் சற்று வறட்சியாக இருந்தது, பிறகு வழுவழுவென்று தானாகச் சுற்றியது. அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் பிடுங்கிவிட்டு, வடிகால் ஹோஸின் கீழ் முனையைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடித்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு சொட்டு, அதன்பின் பென்சில் மொத்தத்தில் தேன் நிறத்தில் ஒரு தாரை. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோஸை மாட்டி, ஃபியூஸைப் போட அண்ணன் சம்மதித்தார்.

முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. ஐடிலிலேயே ஓடவிட்டோம். கையெண்ணெயும் ஸ்ப்ரேயும் எரிந்து புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. ஒரு தண்ணீர்க் குழாயின் பேஞ்சோ இணைப்பில் ஈரம் தெரிந்தது. வாஷரை மாற்றியதும் சரியானது. நன்றாகச் சூடேறி முழுதும் ஆறிய பிறகு எக்ஸாஸ்ட் நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினோம். ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் கொடுத்தது.

டைனோவில் (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் இயந்திரம்) டியூனரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டு. ஒன்று, ரோன் 97 பெட்ரோலுக்கே டியூன் செய்ய வேண்டும். அதற்கு மேலான ரகம் எல்லா ஊரிலும் கிடைக்காது. இரண்டு, கியர்பாக்ஸைக் காப்பாற்ற, பூஸ்ட்டை ஒரேயடியாக எழுப்பாமல் சாய்வாக ஏற்ற வேண்டும். அவர் 4000 ஆர்பிஎம்மில் 1 பார், 5000-க்கு மேல் 1.2 பார் என்று வைத்தார். முழு பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.6. ரெவ் லிமிட் 7200, அதுவும் முரட்டுத்தனமாக வெட்டாமல் மென்மையாக. லிமிட்டரில் போய் மோதினால் எஸ்ஆர் இன்ஜினின் ராக்கர் ஆர்ம் (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) கழன்று விழக்கூடும். சக்கரத்தில் சுமார் 260 குதிரைத்திறன் வந்தது. கணக்குப் போட்ட 300-க்கு, வழியில் போகும் இழப்பைக் கழித்தால், சரியாகவே பொருந்துகிறது.

ரோட்டில் பழைய டர்போவைவிட எழுச்சி சில நூறு ஆர்பிஎம் தள்ளித்தான் வருகிறது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது அது தெரிகிறது. அதற்குப் பதிலாக, முன்பு 6000-க்கு மேல் இறுகிப்போன இன்ஜின் இப்போது கடைசி வரை மூச்சு வாங்காமல் இழுக்கிறது. செப்பாங்கில் சுற்றுக்குச் சுற்று டைமிங் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஈசியு பின்னுக்கு இழுத்த இடம் ஒன்றுகூட இல்லை. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 60 டிகிரியை ஒட்டியே நின்றது.

முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் உலோகத் துகள் எதுவும் இல்லை. ஆனால் செப்பாங்கில் எண்ணெயின் சூடு 125 டிகிரிக்கு ஏறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முன் பம்பருக்குப் பின்னால் இடம் அளந்தாகிவிட்டது. அதை மாட்டிய பிறகுதான் அடுத்த டிராக் டே.